ரூட்டக்கா போட்ட பூட்டு

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ரூட்டக்கா என்று பெயர். லினக்ஸ் சர்வரில் சகல அதிகாரமும் உள்ள கணக்கை ‘ரூட்’ என்பார்கள். அதன் பாஸ்வேர்ட் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இல்லை என்றால் அது பச்சைப் பொய்.

சர்வர் எப்போது படுத்தாலும் கறுப்புத் திரையில் நாலு வரி தட்டி எழுப்பிவிடுவாள். போன மழைக்காலத்தில் அந்த எழுத்துகள் கரைய ஆரம்பித்தன. விழித்திரை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். வேலையிடத்தில் அவள் மூச்சுவிடவில்லை. விரல் பழக்கத்தில் வண்டி ஓடியது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

அதற்குத்தான் சர்வரைப் பராமரிக்கும் ஒரு திறமூல மென்பொருளை நிறுவ நினைத்தாள். இலவசம். நிறுவிவிட்டால் எல்லா வேலையும் பிரவுசரில் பட்டன்களாக வந்துவிடும், எழுத்தையும் வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். இன்னும் சில வருடம் தள்ளிவிடலாம் என்பது அவள் கணக்கு.

தன் மேசையிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து நிறுவினாள். ஒரு மக்கரும் இல்லை. பிறகு சர்வருக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வால். அதை இயக்கினால் எல்லா வாசலும் மூடிக்கொள்ளும். வேண்டியவற்றை முன்பே திறந்து வைக்க வேண்டும். புது மென்பொருளின் வாசல், வார்டுக் கணினிகள் வரும் வாசல், தான் நுழைந்த வாசல், மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரி தட்டினாள். அதில் பிழை என்று திரை சொன்னது. அது அவள் கண்ணில் படவில்லை. ஃபயர்வாலை இயக்கினாள், தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டாள். இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது.

லேப்காரி ஓடி வந்தாள். “அக்கா, எங்கயும் ரிப்போர்ட் திறக்கல. ஆபரேஷனுக்கு ஒருத்தரப் படுக்க வச்சிருக்காங்க. அவருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அதுலதான் இருக்கு.”

இருவரும் சர்வர் அறைக்கு விரைந்தார்கள். அங்கே சர்வரோடு நேரடியாக இணைத்திருந்த சின்னத் திரைக்கு முன் நின்று, முன்பு அடித்த அதே வரியை வரவழைத்துத் தட்டினாள். ஏதோ பதில் வந்தது; அவளுக்கு வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரிந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி தீற்றல். லேப்காரியைத் திரைக்கு முன்னால் இழுத்தாள்.

“என்ன எழுதியிருக்குன்னு படி.”

“நீங்களே பாருங்கக்கா, எனக்கு இதெல்லாம்...”

“எனக்குத் தெரியலடி.”

லேப்காரி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ‘allow’ என்ற சொல்லில் ‘o’ என்ற எழுத்தைக் காணோம். அதைச் சேர்த்துத் தட்டியதும் வாசல்கள் திறந்தன. ரிப்போர்ட் வந்துவிட்டது என்று வார்டிலிருந்து போன் வந்தது.

“எவ்வளவு நாளாக்கா?”

“போன மழையிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க.”

சொல்லும்போதே அவமானம் பிடுங்கித் தின்றது. யாரோ முகம் தெரியாத மனிதரின் உயிரை அல்லவா தன் நாற்காலிக்குப் பணயம் வைத்திருக்கிறாள்.

மேசைக்குத் திரும்பி, புது மென்பொருளைத் திறந்து, லேப்காரியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“பெரிய டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ.”

“எனக்கு என்னக்கா தெரியும்?”

“படிக்கத் தெரியுதுல்ல, போதும். அதோ, ரூட்டுன்னு இருக்கும், அத அமுக்கு. பாஸ்வேர்ட மாத்து.”

“என்னன்னு மாத்த?”

ரூட்டக்கா திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“எங்கிட்ட சொல்லாத.”