மட்டன் றோல் என்று எழுதினேன்

போன கிழமை ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். யாழ்ப்பாண நகரத்தில் எங்கே என்ன நாடகம், எந்தக் கடையில் என்ன சாப்பாடு, எந்த மண்டபத்தில் என்ன கண்காட்சி என்று இணையத்தில் போடுகிற ஒரு கூட்டமாம். எல்லாருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான். "அங்கிள், நீங்களும் அந்தக் காலத்திலை இப்பிடித்தானாம் எழுதினனீங்கள். எங்களுக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்றாள். நேரில் கதைப்போம் என்று ஒரு புதுக் கடைக்கு வரச் சொன்னாள். குளிரூட்டி போட்ட கடை. கறுப்புத் தட்டில், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல் வந்தது. அதைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பது தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பிள்ளை அதைப் படம் எடுத்தாள். நான் வெட்டின பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன அங்கிள், சாப்பிடேல்லையோ?" என்று கேட்டாள். பசிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சண்டை நின்று, பாதை திறந்து, கொழும்பு பஸ் நேரே வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. சமாதான காலம் என்றுதான் எங்கள் சனம் இன்றும் சொல்லும். பொழுதுபடக் கதவைச் சாத்திப் பழகிய நகரம், எட்டு மணிக்கும் வெளிச்சம் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கியது. நாடகம், பட்டிமன்றம், வீணைக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, ஐஸ்கிறீம் கடைத் திறப்பு விழா என்று ஒரு நாளைக்கு நாலு அழைப்பிதழ் வரும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கமெராவும் கையுமாகத் திரிந்தார்கள். நான் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, இப்போது இல்லாத ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். ஞாயிறு இதழில் 'நாலு பக்கமும்' என்று ஒரு பத்தி என் பொறுப்பு. நகரத்தில் பார்த்தது, கேட்டது, தின்றது எல்லாம் அதற்குள் போகும். என் பெயர் வராது. ஆனாலும் எழுதுவது நான்தான் என்று பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கிறவருக்கும் தெரியும். நானே சொல்லித் திரிந்தால் தெரியாமல் இருக்குமா?

ஒருமுறை சங்கீத ரீச்சர் ஒருவர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, என்ரை கச்சேரியையும் அந்தக் கடைத் தோசையையும் ஒரே பந்தியிலை போட்டிருக்கிறியள். அதிலையும் தோசைக்கு ரெண்டு வரி கூட" என்றார். நியாயமான முறைப்பாடு. தோசை உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.

தோசையை விட எனக்கு றோலில்தான் பைத்தியம். ஆஸ்பத்திரி வீதியில் சர்பத்தும் சிற்றுண்டியும் விற்கிற ஒரு கூல் பார் இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு எண்ணெய் வைத்தார்களென்றால், வாசம் காரியாலய மாடிக்கு வந்து பேனாவைப் பிடுங்கும். கதிரையில் இருந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வரும். மட்டன் றோல், மீன் றோல், கட்லற், பற்றீஸ் எல்லாம் கலந்து கிடக்கும். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், அன்றைக்கு ஒருவருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோஸ் போத்தலில் பாதி தண்ணீர். மட்டன் றோலும் மீன் றோலும் ஒரே நிறம், ஒரே பருமன். கடித்தால்தான் எது எதுவென்று தெரியும்.

அந்தக் கடையில்தான் ஒரு நாள் செபமாலை அண்ணையைக் கண்டேன். அவர் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர், கடல்தொழில். எந்தப் பங்கு என்று சொல்லமாட்டேன், இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மீன் அங்கேயிருந்துதான் வருகிறது. பெரிய வெள்ளியன்று அங்கே பாஸ்கு போடுவார்கள். கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டுவது. நாடகம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். பதினொரு வருடம் செபமாலை அண்ணை அதில் சாட்டை பிடித்த சேவகன். பதினொரு வருடமும் கிறிஸ்துவை அடித்துவிட்டு, அந்த வருடம்தான் அவருக்குக் கிறிஸ்துவாக நடிக்கக் கிடைத்தது. பொய்முடி வேண்டாம் என்று பத்து மாதமாகத் தலைமுடியும் தாடியும் வளர்த்தார். ஒத்திகை பார்க்கப் போனபோது எனக்குப் பழக்கமானவர்.

"வசனமெல்லாம் பாடமாக்கிப்போட்டியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ பாடம் தம்பி. கிட்ட நிண்டு அடிக்கிறவனுக்குத்தானே வடிவாக் கேக்கும்" என்றார்.

கிறிஸ்துவாக வருகிறவர் தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, ஒருவரையும் ஏசக்கூடாது. மீன் சாப்பிடலாம். "இறைச்சியும் சாராயமும் பிரச்சினையில்லை தம்பி. வலை கிழியேக்கை வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறதுதான் பெரிய பாடு" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் அதை விளையாட்டாக எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

அன்றைக்குக் கூல் பாரின் மூலை மேசையில் அந்தத் தாடியோடு இருந்து, றோலைச் சோஸில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கை காட்டினார். நானும் வாசலில் நின்றபடி கை காட்டிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான். சனிக்கிழமை பத்தியில் நாலு வரி குறைந்தது. அச்சுக்கோப்பவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். நான் இப்படி எழுதினேன்: 'தவக்காலக் கிறிஸ்துநாதர் ஒருவர் ஆஸ்பத்திரி வீதியில் மட்டன் றோலும் கையுமாக இருக்கக் கண்டோம். பாடுகள் பலவிதம்.'

மீன் றோல் என்று எழுதினால் அதில் கதையே இல்லை. மட்டன் என்று எழுதத்தான் வசனம் ஓடியது. உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை. அச்சுக்கோப்பவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளிக்கு ஐந்து நாள்தான். பூசை முடிந்து வந்த சனம் கோயில் வாசலிலேயே பத்திரிகை வாங்கி வாசித்திருக்கிறது. நகரத்தில் அந்தத் தாடி ஒருவருக்குத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் காரியாலயத்துக்கு வந்தார். தோய்த்து மடித்த சேட்டு. அவரைக் கண்டதும் நான் கடதாசி அடுக்கின அறைக்குள் போய் எதையோ தேடுவதுபோல் நின்றேன். அவர் போகவில்லை, வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டார். கடைசியில் வெளியே வந்தேன்.

"தம்பி, அது மீன் றோல்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் சொன்னால் ஆக்கள் நம்பீனம் இல்லை. பேப்பரிலை வந்திட்டுதெல்லோ எண்டுகினம். இண்டைக்கு ஆறு மணிக்குப் பெரியாக்கள் கூடி, என்னை விடுறதோ மாத்துறதோ எண்டு கதைக்கப் போயினம். அதுக்கு முதல் வந்து பங்குச் சுவாமியிட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"ஓம் அண்ணை, அஞ்சு மணிக்கு வாறன்" என்றேன். சத்தியமாக வரத்தான் நினைத்தேன்.

நாலரைக்கு ஒரு ஹோட்டல் திறப்பு விழா இருந்தது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய வல்வெட்டித்துறைக்காரர் ஒருவருடையது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று போனேன். பிரதம விருந்தினர் பிந்திவிட்டார். குத்துவிளக்கு ஏற்றாமல் சாப்பாடு எடுக்கமாட்டோம் என்றார்கள். புரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள், நானும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருந்தேன். எழும்பிப் போயிருக்கலாம். ஒருவரும் என் காலைக் கட்டிவைக்கவில்லை. வெளியே வந்தபோது ஏழு மணி. புரியாணி நல்ல ருசி. அந்த ருசி இன்றும் நினைவிருப்பதற்காக வெட்கப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை நடக்கிற வளவுக்குப் போனேன். போன வருடம் கிறிஸ்துவாக நடித்த மாஸ்டர் பொய்முடியோடு நின்று வசனம் பார்த்துக்கொண்டிருந்தார். செபமாலை அண்ணை சிலுவையைத் தூக்கி நிறுத்துகிற கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி அப்படியே இருந்தது. நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

"விடுங்கோ தம்பி. கூப்பிட்டு உடுப்பும் குடுத்தாச்சு, மாஸ்டரை இனி இறக்கேலுமோ? அந்த மனிசனுக்கு வெக்கமெல்லோ."

"அப்ப சுவாமியிட்டை எண்டாலும் சொல்லட்டோ அண்ணை?"

"ஓம், அதைச் சொல்லுங்கோ. இண்டைக்கெண்டில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ. வீட்டிலையும் ஒருக்கா வந்து சொன்னா நல்லது."

கோயிலுக்குள் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பெரிய வரிசை நின்றது. சுவாமியைப் பிறகு பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால், தப்பினேன் என்றுதான் இருந்தது. உயிர்த்த ஞாயிறுப் பத்தியில் ஒரு திருத்தம் போடட்டுமா என்று ஆசிரியரைக் கேட்டேன். "ஒரு றோலுக்கும் மறுப்பறிக்கையோ? சனம் சிரிக்கும் ஐசே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெரிய வெள்ளியன்று பாஸ்கு பார்க்கப் போனேன். சனம் கடல்வரை நின்றது. சிலுவை எழும்பியபோது, திரையின் ஓரத்தில் கயிற்றை இழுக்கிற இரண்டு கைகளை மட்டும் கண்டேன். முடிந்ததும் அவரே தேடி வந்து, பால் விடாத தேத்தண்ணி தந்தார். "அடுத்த வருசம் எனக்குத்தான் எண்டு சுவாமி சொல்லியிருக்கிறார். வந்து நல்லா எழுதுங்கோ" என்றார். தாடியை வெட்டப்போவதில்லை, அப்படியே விடப்போவதாகவும் சொன்னார்.

அடுத்த வருடம் நாட்டு நிலைமை குழம்பிவிட்டது. அதற்கடுத்த வருடம் பாதையும் பூட்டி, ஊரடங்கும் வந்து, கடலுக்குப் போகவும் தடை. பாஸ்கு பல வருடம் நடக்கவில்லை. மறுபடி நடந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்காலும் ஏலாது. இப்போது பத்திரிகையும் இல்லை. கூல் பார் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். கலந்த தட்டு வைக்கிற கடை அந்த வீதியில் ஒன்றுகூட இல்லை. அந்த வளவில் கலியாண மண்டபம் கட்டிவிட்டார்கள். சுவாமியும் மாற்றலாகிப் போய், எங்கேயோ காலமாகிவிட்டார். நான் ஆறுதலாகச் சொல்ல இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் மீன் சந்தையில் றீற்றா அக்காவைக் கண்டேன். செபமாலை அண்ணையின் மனைவி. அண்ணை போய் ஒரு வருடம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே, மீன் விலை கூவுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். "அக்கா, அண்டைக்கு அண்ணை சாப்பிட்டது மீன் றோல்தான். நான் உள்ளுக்குப் பாக்காமல் எழுதிப்போட்டன்."

அவர் கையில் எடுத்த மீனைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் சொன்னவர் தம்பி, அது மீன்தான் எண்டு. நான் ஓம், ஓம் எண்டு தலையைத் தடவிவிட்டனான். நம்பேல்லை. அது அவருக்கும் தெரியும்."