செத்த கார்டைக் கூப்பிட்ட கணினி

நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் தொலைபேசி நிலையத்துக்கு அந்த ஒப்பந்த டெக்னீஷியன் திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வருவார். மெலிந்த பெண்மணி. இயந்திரத்தில் கை வைக்குமுன் வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைப்பார்.

ஒருநாள், எரிந்துபோன இணைப்புக் கார்டை மாற்றி, அதன் நெட்வொர்க் முகவரியையே புதியதற்கும் கொடுத்தேன். கண்காணிப்புக் கணினியோ அந்தக் கார்டு செத்துவிட்டதாகவே காட்டியது. இனி எந்த ஆலையின் போன் அறுந்தாலும் எங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து திரையைப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தான் கீது சார். உங்க கம்ப்யூட்டர்தான் செத்துப்போன கார்டையே கூப்டுகினு கீது."

ஒவ்வொரு கார்டுக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. 'இந்த முகவரி யாருடையது?' என்று கணினி எல்லோரிடமும் கேட்கும். பதில் சொல்லும் கார்டின் எண்ணைக் கொஞ்சநேரம் நினைவில் வைக்கும், மறக்கும், மறுபடி கேட்கும். மறக்கவே கூடாதென்று பழைய எண்ணை நிரந்தரமாகப் பதித்து வைத்தவன் நான்தான்.

கணினியில் நான் பதித்திருந்த அந்த வரியை அவர் அழித்தார். கணினி கேட்டது, புதிய கார்டு பதில் சொன்னது.

"மறக்க உட்டாத்தான சார் அது திரும்பக் கேக்கும்?" என்றபடி வளையல்களை மாட்டிக்கொண்டார்.

ஒப்பந்தம் முடிந்து அவர் போய் வெகுநாளாகிறது. அவருடைய செல்போன் எண் இப்போது யாரோ ஒரு பெரியவரிடம் இருக்கிறது. "போன வாட்டியும் நீதான கூப்ட்ட, நைனா?" என்கிறார்.

என் போனில் அது இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.