எட்டாவது கூறு

1983 மே 17, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. கத்திரி வெயில் நாட்கள். பழவேற்காடு ஏரியில் அந்நேரத்துக்கே காற்று இல்லை, புழுக்கம். என் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி, அதில் நாலு கிலோ ஐஸ். கவலையெல்லாம் அதன்மேல்தான்.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் மரபியல் பயிற்சியில் இருந்தேன். ஏரிக்குள் வளரும் மடவை மீனும் முகத்துவாரத்தில் பிடிபடும் மடவையும் ஒரே வம்சமா என்று, சதையிலுள்ள புரதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏரி மீன் வந்துவிட்டது. முகத்துவாரத்து மீன் இருபது வேண்டும். ஐஸ் உருகினால் புரதம் கெட்டுவிடும். சனிக்கிழமையோடு பயிற்சி முடிகிறது. அந்தச் செவ்வாயன்றே மீன் கிடைக்காவிட்டால் என் ஆறு வார வேலை பாதியில் நின்றுவிடும்.

கோட்டைக்குப்பத்தில் படகு பேசிப் போனேன். முகத்துவாரம் வந்தும் படகுக்காரர் வலையைத் தொடவில்லை.

"இன்னிக்கு இங்க பாடு எங்களுது இல்ல தம்பி. அதோ, அவங்களுது."

பாடு என்றால் முறை. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. இருபது மீன்தானே என்று கெஞ்சினேன். ஒன்றுகூட முடியாது என்றவர், பாடு உள்ளவர்களிடம் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் ஏழு பேர். விலைக்குக் கேட்டேன்.

"வியாபாரிக்குப் பேசியாச்சு, விக்க முடியாது" என்றார் அவர்களில் மூத்தவர். "வலை இழுத்தவனுக்கு வீட்டுக்கு ஒரு கூறு உண்டு. வேணும்னா எறங்கு."

பெட்டியை அவர்கள் படகில் வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

"இன்னா நைனா, கயித்த இழுன்னா வீணை வாசிக்கிறே" என்றான் பக்கத்தில் இருந்தவன். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். "தெறந்து தெறந்து பாத்தா ஐஸு வளருமா?" என்று அதற்கும் கேலி.

நாலு இழுப்பு முடிந்து கரைக்கு வர மணி பத்தரை. பெட்டியில் பாதிக்குமேல் தண்ணீர். வியாபாரியின் மீன் போக, மீதியை மணலில் எட்டுக் கூறாகப் பிரித்தார்கள். என் கூற்றில் மடவை பதினொன்றுதான்; மற்றதெல்லாம் கிழங்கான் மீன். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

"மூஞ்சிய ஏன் தொங்கப் போடுறே? எனக்குக் கிழங்கான் குடு, மடவைய எடுத்துக்கோ" என்றான் வீணை என்று சொன்னவன். மற்றவர்களும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். இருபது சேர்ந்தது. மூத்தவர் தங்கள் ஐஸ் கட்டியை உடைத்து என் பெட்டியை நிரப்பினார்.

நன்றியோடு பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, ஐஸ், கயிறு, டீ என்று விரல்விட்டு எண்ணினார். மொத்தச் செலவு இருபத்திரண்டு ரூபாய். எட்டால் வகுத்து, மீதி ஏழே கால் ரூபாயைத் திருப்பித் தந்தார்.

"கூறு எடுத்தவன் செலவுலயும் நிக்கணும் தம்பி."

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் புரதத்தைப் பிரித்தபோது, இருபது மீனுக்கும் நீலக் கோடுகள் தெளிவாக விழுந்தன.

பிறகு எத்தனையோ ஆய்வுக் குழுக்களில் இருந்துவிட்டேன். அவற்றில் என் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கும் இரவில் யோசித்துக் குழம்புகிறேன். குழப்பமில்லாமல் தெரிந்த பங்கு வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான்: எட்டில் ஒன்று, இரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.