இல்லை சார்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்கு நிதி மேலாளர் என்று பதவி. தொழிலாளிகள் வைத்த பெயர் ‘இல்லை சார்’. யார் போய் எதைக் கேட்டாலும் அந்த வார்த்தைதான் முதலில் வரும். வீட்டிலும் அதே கதைதான். மகள் சைக்கிள் கேட்டபோது கையை விரித்தவர், மறுவாரம் வாசலில் புது சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்தார்.

முதலாளி நேர் எதிர். கனவில் பார்த்த மெஷினுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிற ரகம். அவருக்கு மூக்கணாங்கயிறு போடத்தான் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வந்த பணத்தைக் குறைத்துச் சொல்வார், மிச்சத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைப்பார், முதலாளி தலையில் கை வைத்து உட்காரும்போது எடுத்து நீட்டுவார். முதலாளியும் லேசுப்பட்ட ஆளில்லை. சீக்கிரமே இதைக் கண்டுகொண்டார். அன்றிலிருந்து இவர் ‘இல்லை’ என்றால் அவர் ‘இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டார். இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றியே இருபது வருஷம் கம்பெனியை நன்றாக நடத்தினார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு, இவர்களிடம் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டது. ஒதுக்கிவைத்ததை எடுத்து இவர் சம்பளம் போட்டார். அடுத்த மாதமும் போட்டார். முதலாளி நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று வாய் திறக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன இரக்கம்தான் குடியைக் கெடுத்தது. கணக்கு துடைத்து வைத்ததுபோல் ஆனபிறகுதான் போய்ச் சொன்னார். அதற்குள் முதலாளி, பாங்க் கொடுத்த கடைசிக் கடனையும் புது மெஷினுக்கு முன்பணமாகக் கட்டியிருந்தார்.

“சார், இந்தத் தடவை நெஜமாவே ஒண்ணுமில்ல.”

“இதத்தானேய்யா இருபது வருஷமா சொல்றே.”

பாங்க் கணக்கைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்தார். எந்தக் கணக்கை எப்போது முழுசாகக் காட்டியிருக்கிறாய் என்று முதலாளி அதைப் பார்க்காமலே ஒதுக்கிவைத்தார். வேறு வழி தெரியாமல் இவர் ராஜினாமா எழுதி நீட்டினார். நடிப்பு நாளுக்கு நாள் முன்னேறுகிறது என்று பாராட்டிவிட்டு முதலாளி அதைக் கிழித்துப் போட்டார். இவர் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். ஒரு மனுஷன் தன்னை இவ்வளவு நம்பினால் எங்கே போய் முட்டிக்கொள்வது? கடன் கேட்டுப் போனால் பாங்க்காரர்கள் மறுபடி கதவைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவி வளையல்களைக் கழற்றி வைத்தாள். அது எந்த மூலைக்கு?

சம்பள நாளன்று வேலை முடிந்து எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். முதலாளி பெட்டிக் கட்டு ஒன்றின்மேல் ஏறி நின்றார்.

“நம்ம இல்லை சார் இருக்கிறப்ப உங்களுக்கு என்ன கவலை? சார், சம்பளம் இருக்கா?” என்று கேட்டு இவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“இல்ல.”

முற்றமே சிரித்தது. சிலர் விசிலடித்தார்கள்.

“இல்லப்பா. நம்புங்கப்பா, இல்ல” என்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பின்வரிசைக்கு அது தெரியவில்லை, கைதட்டினார்கள்.

முதலாளி பெட்டிகளின்மேலிருந்து இறங்கி அருகில் வந்து இவர் முகத்தையே பார்த்தார்.

“நெஜமாவாய்யா?”

இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.