கறுப்புப் பட்டை இல்லாத முகம்

கே.ஜி.கண்டிகை அன்னம்மாளுக்கு டாக்டர் என்றாலே ஆகாது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை.

நிலம் வெளியே போகக்கூடாது என்று அவளைத் தாய்மாமன் கண்ணையனுக்கே கட்டிவைத்தார்கள். மூத்த பையன் பிரகாஷ் ஆறு வயசுவரைக்கும் கழனியெல்லாம் ஓடினான். அப்புறம் கால் விழுந்தது. பின்னாலேயே கையும் விழுந்தது. திருத்தணி மலைக்குத் தூக்கிப்போய் மொட்டை போட்டாள். வேலூர், சென்னை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கி அலைந்தாள். நோய்க்கு ஒரு பேர்கூட எவனும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழில் சென்னை டாக்டர் ஒருத்தர் ஒரு வெள்ளைக்காரனோடு வீட்டுக்கே வந்தார். எல்லார் ரத்தத்தையும் எடுத்தார்கள். நிற்கமுடியாத பையனை அன்னம்மாள் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க, போட்டோவும் எடுத்தார்கள். "வெளிநாட்டுக்கு அனுப்பி என்ன நோய்னு கண்டுபிடிக்கிறோம்மா. பையன் யாருன்னு வெளியில தெரியாது" என்றார் டாக்டர்.

ரெண்டு வருஷத்தில் பையன் போய்விட்டான். ரத்தம் எடுத்துப்போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் திருத்தணிக் கல்யாண மண்டபத்தில் அந்தச் சென்னை டாக்டரின் ஆஸ்பத்திரிக்காரர்கள் மருத்துவ முகாம் போட்டார்கள். செவுத்தில் வரிசையாகப் படங்கள். அதில் ஒன்று பிரகாஷ். நோயாளியின் அடையாளத்தை மறைக்கணும் என்று அவன் கண்ணுக்குமேல் கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். பிடித்துக்கொண்டிருந்த அன்னம்மாள் நோயாளி இல்லையே. அவள் முகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

முட்டிவலிக்கு முகாமுக்கு வந்த திருவாலங்காட்டு அம்மா ஒருத்தி அதைப் பார்த்தாள். அன்னம்மாள் மகள் கவிப்பிரியாவை நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளைக்கு அத்தை அவள். மறுநாளே நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. ரத்தத்தில் கோளாறு உள்ள வீடாம். அன்னம்மாள் மண்டபத்துக்குப் போய்ப் படத்தைக் கிழித்து, முகாம்காரன் மேலேயே எறிந்துவிட்டு வந்தாள்.

"வெளியில இருந்து எவன் இனிமே கட்டுவான்? நம்ம பொண்ணை நாமதான் கட்டிக்கணும்" என்று முன்வந்தான் ஆர்.கே.பேட்டையில் இருந்த அவள் அண்ணன் இளங்கோவன். அவன் மகன் வேணுவுக்கும் கவிப்பிரியாவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

மாசியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஸ்ரீவர்ஷினி என்ற டாக்டர் பெண். பழைய டாக்டர் இடத்துக்கு வந்தவள். உட்காரு என்றுகூட அன்னம்மாள் சொல்லவில்லை.

"நோய் என்னன்னு தெரிஞ்சுபோச்சும்மா. உங்க பையன் ரத்தம், இதே நோய் வந்த துருக்கியில ஒரு வீடு, பிரேசில்ல ஒரு வீடு. மூணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் பிடிபட்டுது."

"அந்தத் துருக்கிக்காரி மூஞ்சியையும் செவுத்துல ஒட்டினீங்களா?"

"தப்பு எங்களோடதுதான்" என்றாள் டாக்டர். "அந்தக் கோளாறு ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா குழந்தைக்கு வரலாம். சொந்தத்துல கட்டறதா கேள்விப்பட்டேன். ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்துடலாமே. இப்ப போட்டோ கிடையாது. வெளிநாட்டுக்கு வெறும் நம்பர்தான் போகும். பேர் எங்க கம்ப்யூட்டர்ல தனியா பூட்டி இருக்கும்."

"நம்பரோட வேற இன்னா போவும்?"

"வயசு, ஊர், சொந்தத்துல கல்யாணமான்னு…"

அன்னம்மாள் காறித் துப்பினாள். "இந்த ஊரு, தாய்மாமன் கல்யாணம், கால் விழுந்த புள்ள. இது போதாதா? டவுன் பஸ் கண்டக்டரே எங்க ஊட்டைக் காட்டுவான். பேரைப் பூட்டிகினு இன்னா புண்ணியம்?"

"சரி, ஊர் வேணாம். மாவட்டம் மட்டும்."

"அதுவும் வேணாம்."

"தமிழ்நாடு?"

"இந்தியான்னு போட்டுக்கோ. இந்தியாவுல ஆயிரம் ஊடு கீது."

"இந்தியான்னே போடறேன்."

கவிப்பிரியா சட்டென்று கையை நீட்டினாள். "எனக்குத் தெரியணும்மா. அண்ணன் மாதிரி ஒண்ணை நான் தூக்கிகினு அலையமாட்டேன்."

அன்னம்மாள் தடுக்கவில்லை. டாக்டருக்குத் தண்ணியும் கொடுக்கவில்லை. "வேணுவுக்கும் எடு. தனியாக் கூப்ட்டு அவனையே கேளு. எங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா உன் ஆட்டோ திரும்பிப் போவாது" என்றாள்.

வைகாசியில் முடிவு வந்தது. டாக்டர் அவரவரிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள். கவிப்பிரியாவுக்கு அந்தக் கோளாறு இருந்தது. அன்று சாயங்காலமே வேணு வந்து நின்றான்.

"அத்தை, எனக்கும் அது கீதாம். தங்கச்சி சந்திராவுக்கு மாப்ளை பாத்துகினு கீறாங்க. வெளியில தெரிஞ்சா அவ கதியும் கவி கதிதான். நைனாகிட்டகூட சொல்லிடாத."

அன்னம்மாள் மறுநாள் ஆர்.கே.பேட்டைக்குப் போய், பெண்ணைக் கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் இளங்கோவன் அவளை மறித்தான். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"பாத்துக்கோங்க. தட்டு திரும்பின பொண்ணுக்கு என் புள்ளையைக் குடுத்தேன். வேணாம்னுட்டா. ஊட்டுக்கு ஆட்டோல வந்து போன எவளோ ஆஸ்பத்திரிக்காரி பேச்சைக் கேட்டுகினு அண்ணன் உறவையே அறுத்தவ இவ."

அவன் பின்னால் வேணு, தோளில் காவடியோடு. அன்னம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் வாய் அடைத்துவிடும்.

"ஆங், இஷ்டமில்ல, குடுக்கல. இன்னா இப்போ?" என்றாள். அண்ணனை இடித்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள்.