களத்து வெயில்

அம்மாவின் போர்வையில் இன்று பூசண வாடை, சரியாகக் காயாத காப்பிக்கொட்டையில் அடிக்குமே, அதே வாடை. நாகலூர் எஸ்டேட்டில் எல்லாரும் பயந்தது அதற்குத்தான்; சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் வெயில் பட்டதுமே அம்மா என்னையும் எழுப்பிக்கொண்டு களத்துக்கு ஓடுவாள், கொட்டையைப் பரப்பி வெறுங்காலால் சால் சாலாகக் கிளறுவாள், அந்தச் சரசரப்பிலும் காலில் ஏறும் சூட்டிலுமே எனக்கு முழுசாய் விடியும்.

இப்போது அந்த மரங்களை வெட்டிவிட்டு, களத்தின்மேல் வெளியூர்க்காரர்களுக்கு அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். பின்னாலிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு மதியம்தான் வெயில் வருகிறது. துணியே காய்வதில்லை.

பத்து மணிக்குக் கஞ்சியோடு எழுப்பினேன். நினைவு தடுமாறிப் படுத்திருக்கும் அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"மரத்துல இன்னும் வெயில் படல கண்ணு. செத்த படு, பட்டதும் எழுப்பறேன்."