மணியோசை அம்பலமும் அக்காவின் வாழ்த்தும்

இங்கிலாந்தை ஐரோப்பாவிலிருந்து பிரித்தெடுத்ததில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று என் அத்தான் அம்பலவாணன் இன்றைக்கும் சொல்வார். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அவர் துண்டுப்பிரசுரம் போடாத வீடு இல்லை. ஆகையால் நானும் மறுப்பதில்லை. ஆனால் அவரை அப்படி ஓட வைத்தது எது என்று எனக்குத் தெரியும். பாதியில் அறுந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அது அறுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தொண்ணூறுகளில் அவர் வெறும் அம்பலவாணன் அல்ல, மணியோசை அம்பலம். சவுத்தாலில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ‘மணியோசை’ டெலிபோன் கார்ட் கம்பனி நடந்தது. கார்டின் பின்பக்கத்தைச் சுரண்டினால் ஒரு இலக்கம் வரும். அதை அடித்தால் ஊர் கிடைக்கும். என்ன காலம் அது. சனம் பாணும் பாலும் வாங்குகிற மாதிரி மணியோசை வாங்கியது. புதுக் கார்ட் வரும்போதெல்லாம் தானே சுரண்டிச் சோதித்துப் பார்ப்பதால் அத்தானின் பெருவிரல் நகத்துக்குள் எப்போதும் வெள்ளித்தூள் இருக்கும். அவர் பணக்காரர் ஆகிவிட்டதற்கு நாங்கள் கண்ட அடையாளம் அதுதான்.

முறைப்பாடு கேட்கிற வேலை எனக்கு. அரை மணித்தியாலம் பேசலாம் என்று கார்ட் சொல்லும்; அதற்கு வெகு முன்னரே அறுந்துவிடும். அந்நாளில் கார்ட் விற்ற எல்லாரும் நிமிடங்களில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டார்கள், அத்தானும் கிள்ளினார். யாராவது கோபமாக எடுத்தால், “ஊரிலை மழை அக்கா, அதாலை லைன் பிழை” என்று சொல்ல வேண்டும். அத்தான் சொல்லித் தந்த பதில். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க மழை பெய்வித்த பெருமை எங்கள் கம்பனிக்கே உரியது.

அத்தானுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொக்குவிலில் அவருடைய அக்கா சுசிலா, ஜெர்மனியில் தம்பி நிர்மலன். தாய் செத்த பிறகு இரண்டு பெடியன்களையும் வளர்த்தது சுசிலாக்காதான். சண்டைக் காலத்தில் பிரிந்த பிறகு மூவரும் ஓரிடத்தில் சேர்ந்ததே இல்லை. “மூண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடோணும் ராசா, அது காணும் எனக்கு,” என்பார்.

அவர் மகள் சிவரூபினி பெரியபிள்ளையானபோது அதற்கு நேரம் வந்தது. சவுத்தாலில் மண்டபம் எடுத்து, சாமத்தியச் சடங்கு. ஆலாத்தி எடுக்க மாமி வேண்டும், அதாவது சுசிலாக்கா வேண்டும். விசா கேட்டார்கள். திரும்பிப் போகமாட்டார் என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள். நிர்மலனோ கேட்டுக் கேள்வியில்லாமல் ஜெர்மன் பாஸ்போர்ட்டுடன் வந்து இறங்கினான். தம்பியைக் கட்டிப் பிடித்தாலும் அத்தானின் முகம் கறுத்துத்தான் இருந்தது.

சரி, அக்காவின் குரலாவது வரட்டும் என்று மணவறைக்குப் பக்கத்தில் போனை வைத்து மைக்கைப் பிடித்தார்கள். அத்தான் சட்டைப் பையிலிருந்து சொந்த மணியோசை கார்ட்டை எடுத்துச் சுரண்டினார். லைன் உடனே கிடைத்தது, ஐயர்தான் இழுத்தடித்தார். தாய்மாமன் நான் என் கடமையைச் செய்து முடித்த பிறகுதான் சுசிலாக்காவின் முறை வந்தது.

“என்ர செல்லம், மாமிக்கு வரத்தான் குடுத்து வைக்கேல்லை...”

அவ்வளவுதான். “உங்கள் நிமிடங்கள் முடிவடைந்துவிட்டன. மணியோசையைத் தெரிவு செய்தமைக்கு நன்றி,” என்று மண்டபம் முழுக்க ஒரு பெண் குரல் இனிமையாக ஒலித்தது. குரல் என் அக்கா பிரியந்தியுடையது. அத்தான் மனைவியை வைத்தே பதிவு செய்திருந்தார். அவள் பட்டுச்சேலையோடு மேடையில் நின்றுகொண்டு, தன் மச்சாளின் வாயைத் தானே அடைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் யாரோ, “ஊரிலை மழை போல,” என்றார்கள். சனம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அத்தான் வேறு கார்ட் சுரண்டினார், லைன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சுசிலாக்காவோடு ஆயிரம் கதை பேசியிருப்பார். அன்றைக்கு அறுந்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

பிறகு எல்லார் கையிலும் ஸ்மார்ட் போன் வந்தது. ஊருக்குச் சும்மாவே பேசலாம் என்றானது. மணியோசை ஓய்ந்தது. வேலையற்ற மனிதருக்குக் கோபம் துணையிருந்தது. சுசிலாக்காவுக்கு இன்னொரு தரமும் விசா மறுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஹவுன்ஸ்லோவில் ஒரு பப்புக்கு மேல்மாடியில் நடந்த கூட்டத்தில், ஐரோப்பியக் கதவைப் பூட்டினால் உங்களைப் போன்றவர்களின் சொந்தங்களுக்குக் கதவு திறக்கும் என்று ஒரு வெள்ளைக்காரர் பேசினார். அத்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

“எங்கட வீட்டுத் திறப்பு எங்கட பொக்கற்றுக்கை இருக்கோணும்” என்பது அவருடைய சுலோகம்; நாட்டின் சாவி எங்கள் கையில் என்று அர்த்தம். மழையோ வெயிலோ, மஞ்சள் மேலங்கியோடு கதவு கதவாகத் தட்டினார். ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு வந்த தமிழ்ப் பெண், “நாங்கள் ஹொலன்டாலை வந்தனாங்கள் அண்ணை. எங்களையோ போகச் சொல்லுறீங்கள்?” என்று கேட்டாள். அத்தான் தடுமாறி, “சீ, உங்களை இல்லைப் பிள்ளை,” என்று சொல்லிவிட்டுத் துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்.

நிர்மலன் அப்போது லண்டனுக்குக் குடிவர நினைத்திருந்தான். மகள் மிதுஷாவின் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தான்.

“அண்ணை, நான் வாற கதவைத்தான் நீங்கள் பூட்டப் போறீங்கள்,” என்று போனில் சொன்னான்.

“அதைப் பூட்டினால்தான் அக்காவின்ர கதவு திறக்கும்,” என்றார் அத்தான்.

வாக்கெடுப்பில் நான் எதிர்ப்பக்கம் வாக்குப் போட்டேன். வென்றது அவர் பக்கம். அன்று அவர் வாங்கித் தந்த லட்டை வாக்கு வேறு, லட்டு வேறு என்று நான் சாப்பிட்டேன். ஆனால் நிர்மலன் பேச்சை நிறுத்திக்கொண்டான். புது விதிகள் வந்த பிறகு சுசிலாக்கா மறுபடி விசா கேட்டார். மறுபடியும் இல்லை என்றார்கள். அத்தான் அந்த மஞ்சள் மேலங்கியைத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டினார். அக்காவை இழுக்கப் போய்த் தம்பியையும் விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பாவமாக இருந்தது.

போன வருடம் சுசிலாக்காவே அழைத்தார். “மிதுஷாவின்ர கலியாணத்துக்கு நிர்மலன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஜெர்மன்காரன் விசா தந்திட்டான். நீ அங்கை வா தம்பி.”

அத்தான், என் அக்கா, சிவரூபினி, நான் எல்லாரும் போனோம். ஜெர்மன் விமான நிலையத்தில் ஐரோப்பியர் வரிசை விறுவிறுவென்று போனது. நாங்கள் மற்ற நாட்டார் வரிசையில் நின்றோம். “திறப்புப் பொக்கற்றுக்கை பத்திரமாய் இருக்கோ அத்தான்?” என்று கேட்டேன். “வாயை மூடிக்கொண்டு வா,” என்றார். வெளியே நிர்மலன் நின்றான். அண்ணனின் பெட்டியை வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டனீங்களோ?” என்று மட்டும் கேட்டான். அதோடு எல்லாம் சரி.

கூன் விழுந்த சுசிலாக்கா நிர்மலன் வீட்டுக் கதவடியில் நின்று அத்தானின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மூவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். நான் எதற்கென்றே தெரியாமல் தண்ணீர் பரிமாறிக்கொண்டு திரிந்தேன். சாப்பாடு முடிந்ததும் சுசிலாக்கா ஆலாத்தித் தட்டு கேட்டார். முப்பது வயது கடந்த சிவரூபினியைக் கதிரையில் இருத்திச் சுற்றினார்.

“அண்டைக்குத் தட்டுச் சுத்தத்தானே ஏலாமல் போனது பிள்ளை. வாழ்த்தெல்லாம் போனிலையே சொல்லி முடிச்சிட்டன்.”

அத்தான் நிமிர்ந்தார். “அக்கா, லைன் கட்டானது உங்களுக்குத் தெரியாதோ?”

“கட்டானதோ? நான் முழுக்கச் சொல்லிப்போட்டு, ‘தம்பி, கேக்குதோ’ எண்டு கேட்டனான். சத்தமில்லை. நீ அழுகிறாயாக்கும் எண்டு நினைச்சு மெள்ள வைச்சிட்டன்.”

அத்தான் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார். அந்த மண்டபத்தில் அழாததற்கும் சேர்த்து, சத்தம் போட்டு அழுதார்.